லேபிள் அரித்துப் போன தட்டிலிருந்து: ஒரு வயலின் மேதையின் ஒலிப்பதிவுகளை அட்டவணைப்படுத்த முழுமையான வழிகாட்டி

வன்னி வீடுகளில் இன்னமும் கிராமபோன் தட்டுகள் இருக்கின்றன. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள் கொண்டுவந்தவை அவை. பிறகு காணி கிடைத்துக் கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய பிள்ளைகளோடு இங்கே வந்து சேர்ந்தவை. இடப்பெயர்வில் பெரும்பாலானவை போய்விட்டன. சிலதை றங்குப் பெட்டிக்குள் வைத்துப் புதைத்துவிட்டுப் போனார்கள், மீளக் குடியேறியபின் தோண்டி எடுத்தார்கள்.

நான் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுப்பதால் இந்தப் பெட்டிகளில் சில என்னிடம் வந்தன. ஒன்றில் வியன்னாவில் பிறந்த வயலின் கலைஞர் பிரிட்ஸ் கிரைஸ்லரின் (1875–1962) தட்டுகள் இருந்தன. பாதி லேபிள்களைக் கறையான் தின்றிருந்தது. அவற்றை அடையாளம் கண்டு, கணினியில் ஏற்றி, அவருடைய வாழ்க்கையில் எந்தத் தட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதி முடித்த வழியைத்தான் இங்கே தருகிறேன். பிறகு இதே வேலைக்கு வந்த இளம் ஆட்கள் எங்கே இடறினார்கள் என்பதையும் சேர்த்திருக்கிறேன். வேறு கலைஞரின் தட்டு கிடைத்தாலும் படிகளின் ஒழுங்கு மாறாது: முதலில் எழுதுவது, பிறகு கழுவுவது, அதற்குப் பிறகுதான் போட்டுக் கேட்பது.

1. புறப்பட முன் சேர்க்க வேண்டியவை

ஒரு கொப்பி, பென்சில், சிறிய டோர்ச், கமரா நல்லதாக உள்ள போன். கழுவுவதற்கு வடித்த தண்ணீர், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம், துவைத்துப் பழகிய மெல்லிய பருத்தித் துணி. கேட்பதற்கு நிமிடத்துக்கு 78 சுழற்சி ஓடக்கூடிய டர்ன்டேபிள் (தட்டைச் சுற்றும் கருவி), 78 தட்டுக்கென்றே உள்ள ஊசி, ஒலியைக் கணினிக்குள் எடுக்கச் செருகும் ஓடியோ இன்டர்பேஸ்.

வடித்த தண்ணீருக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்காதீர்கள். எங்கள் கேத்திலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவை நினைத்துப் பாருங்கள். அதே சுண்ணாம்பு தட்டின் தவாளிப்புக்குள் காய்ந்து, ஊசி போகும்போது பொரிகிற சத்தமாகக் கேட்கும். வாகனம் திருத்தும் இடங்களில் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் போத்தலில் கிடைக்கும், அது போதும். போத்தலை வாசித்து வாங்குங்கள். கடையில் பற்றரி அசிட்டும் அதற்குப் பக்கத்திலேயே நிற்கும்.

2. முதலில் வீட்டாரோடு கதையுங்கள்

பெட்டியைத் திறந்ததும் கை தட்டுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். யார் வாங்கினார், எங்கே, எப்போது, பெட்டி எங்கெங்கே போனது என்று வயதானவரிடம் கேட்டு எழுதுங்கள். எனக்குக் கிடைத்த பெட்டியின் சொந்தக்கார அம்மா சொன்னது இவ்வளவுதான்: "எங்கட அப்பு ஈப்போவில இருந்து கொண்டு வந்தது பிள்ளை. சண்டைக்கு முந்தி. அந்தச் சண்டை இல்லை, யப்பான்காரன் வந்த சண்டை."

அந்த ஒரு வசனம் எனக்கு ஒரு எல்லைக் கோடு போட்டுத் தந்தது. யப்பானியர் மலாயாவுக்குள் வந்தது 1941 டிசம்பரில். ஆகவே அந்தப் பெட்டியில் உள்ள எந்த ஒலிப்பதிவும் அதற்குப் பிந்தியதாக இருக்க வழியில்லை. தட்டில் எழுதியிராத ஒன்றை வீட்டார்தான் சொல்ல முடியும், அதையும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதுதான் கேட்க முடியும்.

உறைகளை எறிய விடாதீர்கள். உறையில் ஒட்டிய கடைச் சீட்டு, விலை, யாரோ பென்சிலால் எழுதிய திகதி எல்லாம் சாட்சி.

3. கழுவ முன் வாசியுங்கள்

இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. இதில் அரைமணி நேரத்தை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

தட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு விதமான எண் உண்டு. ஒன்று கடையில் விற்கும்போது பாவித்த அட்டவணை எண், லேபிளில் அச்சிட்டிருக்கும். மற்றது மற்றிக்ஸ் எண். அந்த ஒலிப்பதிவுக்கென்றே கொடுக்கப்பட்டது. இசை முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வழுவழுப்பான வளையத்தில் இது தட்டிலேயே பதிந்திருக்கும். லேபிளைக் கறையான் தின்னலாம், மழை கரைக்கலாம். அரக்கில் பதிந்த எண் நிற்கும்.

அதை வாசிக்க அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் தட்டின் மட்டத்துக்குப் பதித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். மேலிருந்து அடித்தால் வளையம் முழுக்கப் பளிச்சென்று மின்னி ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து அடிக்கும்போது எழுத்தின் ஓரத்தில் சின்ன நிழல் விழும். தட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தால், வெறும் கறுப்பாக இருந்த இடத்தில் ஒரு இலக்கம் எழும்பி வரும். அந்த நொடியில் படம் எடுங்கள். பிறகு கொப்பியில் எழுதுங்கள். 3 ஐயும் 8 ஐயும், 1 ஐயும் 7 ஐயும் படத்தோடு ஒப்பிட்டுத் திரும்பப் பாருங்கள்.

எண்ணோடு சின்னங்களையும் எழுதுங்கள். இதைத்தான் புதியவர்கள் கீறல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எச்.எம்.வி. என்ற பிரிட்டிஷ் கம்பனியின் தட்டில் மற்றிக்ஸ் எண்ணுக்குப் பின்னால் சிறிய முக்கோணம் இருந்தால் அது மின்னொலிவாங்கி வைத்துப் பதிந்தது, 1925க்குப் பிந்தியது. முக்கோணத்துக்குப் பதிலாகச் சதுரம் இருந்தால் 1931க்குப் பிந்திய முறை. அமெரிக்க விக்டர் கம்பனியின் தட்டில் நீள்வட்டத்துக்குள் 'விஇ' (VE) என்ற எழுத்துகள் அதே வேலையைச் செய்யும். ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் கொம்புக் குழாய்க்கு முன் நின்று வாசித்துப் பதிந்த பழைய காலத் தட்டு. லேபிள் முழுதாகப் போன தட்டிலும் இந்தக் கடுகளவு முக்கோணம் காலத்தைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

விக்டர் தட்டில் ஒரு வித்தியாசம் உண்டு. வளையத்தில் பெரும்பாலும் அட்டவணை எண்தான் இருக்கும், மற்றிக்ஸ் எண் தெரியாது. லேபிளின் இடப்பக்கத்து ஓரமாக ஒற்றை இலக்கம் ஒன்று தனியே நிற்கும். அதுதான் டேக் எண், அதாவது அந்தப் பாட்டை எத்தனையாவது தடவை வாசித்தது என்பது. ஒரே அட்டவணை எண்ணில் முதலில் ஒரு டேக்கும், பிறகு வேறு டேக்கும் விற்பனைக்கு வந்தது உண்டு. டேக் எண்ணை எழுதாவிட்டால், ஒரே தட்டு என்று நினைத்து இரண்டு வெவ்வேறு வாசிப்பில் ஒன்றைத் தள்ளிவிடுவீர்கள்.

தட்டின் விட்டத்தையும் அளந்து எழுதுங்கள். 10 அங்குலம் என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம், 12 அங்குலம் என்றால் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு பக்கம் மட்டும் பதிந்து மறுபக்கம் வெறுமையாக இருந்தால் அதுவும் தகவல். விக்டர் தன் சிவப்பு லேபிள் தட்டுகளை இருபக்கமும் பதிந்து விற்கத் தொடங்கியது 1923 இல்தான். எச்.எம்.வி. யின் இருபக்கச் சிவப்பு லேபிளில் அட்டவணை எண் 'டிஏ' (DA) என்று தொடங்கினால் 10 அங்குலம், 'டிபி' (DB) என்று தொடங்கினால் 12 அங்குலம். லேபிளில் பாதி எழுத்துத் தெரிந்தாலும் இது உதவும்.

4. கழுவுதல்

78 தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும். இதை நான் படித்து அறியவில்லை. பூஞ்சணம் போகட்டும் என்று ஒரு தட்டைச் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, தட்டின் மினுக்கம் அந்த இடத்தில் மங்கிப் போனது. அந்தப் பக்கத்தில் இருந்த இசை இனி இல்லை. அந்தத் தட்டை இன்றும் வைத்திருக்கிறேன், புதிதாக வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

அரை லீற்றர் வடித்த தண்ணீருக்கு இரண்டு மூன்று துளி சவர்க்காரம். தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது, அரக்கு இளகும். லேபிளில் தண்ணீர் படாமல், தவாளிப்பு ஓடும் திசையில் வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் மணல் துணுக்கு தவாளிப்புச் சுவரைக் கீறும். கிரவல் றோட்டோரத்து வீட்டுத் தட்டு என்றால் முதலில் ஈரமில்லாத மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டுத்தான் ஈரம் பட வேண்டும். பிறகு வெறும் வடித்த தண்ணீரால் ஒருமுறை துடைத்து, நிழலில் நிறுத்தி வையுங்கள்.

வெடிப்பு உள்ள தட்டை நனைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் பூசி மினுக்கிக் கொடுத்த வீட்டார்கள் இருக்கிறார்கள். அன்போடு செய்ததுதான், ஆனால் எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். அதற்குச் சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு மூன்று நாள் இடைவிட்டுத் துடைக்க வேண்டி வரும்.

5. ஊசி

வீட்டில் பழைய சாவி கொடுக்கும் கிராமபோனும் இருந்தால், "அதிலேயே ஒருக்கால் போட்டுப் பார்ப்போம்" என்று எல்லோரும் கேட்பார்கள். அதன் ஒலிப்பெட்டி 100 கிராமுக்கு மேல் பாரத்தோடு இரும்பு ஊசியைத் தட்டில் அழுத்தும். அந்தக் காலத்திலேயே ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்பதுதான் விதி. துருப்பிடித்த ஊசியோடு ஒருமுறை ஓடினாலே வயலினின் மேல் ஸ்தாயி சுரங்கள் உராய்ந்து போகும். கணினியில் ஏற்றி முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

பின்னாளில் வந்த எல்பி தட்டின் ஊசியும் சரிவராது. அதன் நுனி 1 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு அல்லது அதற்கும் குறைவு; 78 தட்டின் தவாளிப்புக்கு 3 மில் அளவு வேண்டும். எல்பி ஊசி தவாளிப்பின் அடியில் விழுந்து, அங்கே தங்கிய அழுக்கைத்தான் வாசிக்கும். வயலின் தூரத்தில் கேட்க, இரைச்சல் முன்னுக்கு வரும். தட்டு பழுதென்று முடிவுகட்டித் திருப்பிக் கொடுத்த ஒருவரின் தட்டை நான் சரியான ஊசியில் போட்டேன். தட்டில் ஒரு பழுதும் இல்லை.

6. வேகம்

78 என்பது பொதுப்பெயர். பழைய தட்டுகள் நிமிடத்துக்கு 75 சுழற்சிக்குக் கிட்டவும் 80க்கு மேலும் பதியப்பட்டிருக்கின்றன. 76 இல் பதிந்த தட்டை 78 இல் ஓட்டினால் ஸ்தாயி அரைச் சுரத்தில் ஏறத்தாழப் பாதி ஏறிவிடும். நான்கரைச் சுழற்சி வித்தியாசம் வந்தால் முழு அரைச் சுரமே மாறும்.

முதலில் டர்ன்டேபிள் உண்மையில் 78 இல் ஓடுகிறதா என்று பாருங்கள். கோடு போட்ட ஸ்ட்ரோபோஸ்கோப் வட்டத்தை அதன்மேல் வைத்து மின்விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் நின்ற இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். இரண்டு விஷயங்களில் எல்லோரும் பிழை விடுகிறார்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ். அதற்கு 77 கோடுள்ள வட்டம் வேண்டும், 77.92 சுழற்சி காட்டும். இணையத்தில் அச்சிட எடுப்பது பல நேரம் 92 கோடுள்ள அமெரிக்க வட்டமாக இருக்கும். அடுத்தது, பல எல்ஈடி பல்புகளின் வெளிச்சம் தேவையான அளவு துடிக்காது. பழைய குண்டு பல்ப் ஒன்றைத் தேடி எடுங்கள்.

78 ஓடாத டர்ன்டேபிள்தான் இருக்கிறதென்றால் 45 இல் ஓட்டிப் பதிந்து, கணினியில் வேகத்தை 1.733 மடங்காக்கலாம். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே தெரிவு உண்டு. இரண்டாந்தர வழிதான், ஆனால் வேலை நடக்கும்.

அடுத்து வயலினே வேகத்தைச் சொல்லும். மேற்கத்திய வயலினின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, ஈ என்று கட்டியிருக்கும். அதன் ஆகக் குறைந்த சுரம் ஜி, ஏறக்குறைய 196 ஹேட்ஸ். விரல் வைக்காமல் வாசிக்கும் தந்திக்கு அதிர்வு இல்லாத ஒரு வெறுமையான நாதம் உண்டு. கிரைஸ்லர் ஓயாமல் அதிர்வு கொடுத்து வாசிப்பவர் என்பதால் அந்த வெறும் நாதம் வரும் இடம் காதில் தனித்து விழும். அதைப் பிடித்து ஸ்தாயியை ஒப்பிடுங்கள். கொம்புக் குழாய்க் காலத் தட்டில் ஜி தந்தி மெலிந்து கேட்கும், அந்த முறைக்கு அடி ஒலி சரியாக ஏறாது. அதில் ஏ தந்தியைத் தேடுங்கள்.

இந்தப் படியைத் தாண்டிப் போன ஒரு தம்பி, கிரைஸ்லர் ஒரு பாட்டை வேறு ஸ்தாயியில் மாற்றி வாசித்ததாக முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். டர்ன்டேபிள் வேகமாக ஓடியதுதான் காரணம்.

7. கணினியில் எடுப்பது

24 பிட், 96 கிலோஹேட்ஸ், வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு பக்கம் 100 முதல் 160 மெகாபைட் பிடிக்கும். இரண்டு சனலிலும் பதிந்துவிட்டுப் பிறகு ஒன்றாகச் சேருங்கள். 78 தட்டின் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும் உள்ளது. சேர்க்கும்போது ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் பெருமளவு தன்னாலே கழிந்துவிடும்.

எல்பிக்கான ஆர்ஐஏஏ திருத்தம், அதாவது அடி ஒலியையும் மேல் ஒலியையும் சமன் செய்யும் முறை, இந்தத் தட்டுகளுக்குப் பொருந்தாது. டர்ன்டேபிளின் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் சாதாரண போனோ பெட்டி அதைத் தானாகவே போட்டுவிடும். திருத்தம் போடாத வெளியீடு இருந்தால் அதிலிருந்து எடுங்கள்.

இரைச்சல் நீக்கும் வேலையை மூலக் கோப்பில் செய்யவே செய்யாதீர்கள். பிரதியில் செய்யுங்கள், அதுவும் குறைவாக. வில் தந்தியைத் தொடும்போது வரும் மெல்லிய உராய்வும் தட்டின் இரைச்சலும் ஒரே உயரத்தில் இருப்பவை. மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. இரைச்சலோடு வில்லும் போய், மிஞ்சுவது புல்லாங்குழல் மாதிரி ஒன்று.

கோப்புக்குப் பாட்டின் பெயரை வைக்காமல் மற்றிக்ஸ் எண், டேக், பக்கம் என்ற ஒழுங்கில் பெயர் வையுங்கள். பாட்டின் பெயர் பிழை என்று பிறகு தெரிய வரலாம். எண் மாறாது.

8. அட்டவணை எழுதுவது

ஒரு வரியில் ஒரு பக்கம். மற்றிக்ஸ், டேக், அட்டவணை எண், பதிந்த திகதி, இடம், பாட்டு, லேபிள் சொல்லும் ஆசிரியர் (இசையை எழுதியவர்), உண்மையான ஆசிரியர், கூட வாசித்தவர், தட்டின் நிலை. திகதியைச் சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க ஒலிப்பதிவு அட்டவணைத் தளத்தில் எண்ணைக் கொடுத்து இலவசமாகத் தேடலாம். விக்டர் பதிவுகள் அதில் நாள்வாரியாக உண்டு.

ஆசிரியருக்கு ஏன் இரண்டு கட்டம்? கிரைஸ்லர் தானே எழுதிய பல துண்டுகளைப் புன்யானி, கூப்பெரான் போன்ற பழைய ஆசிரியர்களின் பெயரில் வெளியிட்டு வாசித்து வந்தார். 1935 இல்தான் அவை தன்னுடையவை என்று வெளியே சொன்னார். ஆகவே அதற்கு முந்திய லேபிளில் வேறு ஆளின் பெயர் இருக்கும். லேபிளைத் திருத்தி எழுதினால் சாட்சியத்தை அழிக்கிறீர்கள். அப்படியே நம்பி எழுதினால் பிழையைப் பரப்புகிறீர்கள். இரண்டையும் எழுதுங்கள்.

இங்கே வரும் மற்றப் பிழைகள்:

இரட்டை எண்ணிக்கை. விக்டரில் பதிந்ததை எச்.எம்.வி. தன் எண்ணில் வெளியிட்டது. இரண்டு தட்டு, ஒரே வாசிப்பு. மற்றிக்ஸ் ஒன்றென்றால் ஒரே வரிதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு: ஒரே பாட்டு, வேறு வேறு வாசிப்பு. பேட்டோவன் எழுதிய வயலின் கொன்செட்டோவை (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு) கிரைஸ்லர் 1926 இல் பேர்லினில் லியோ பிளெக் நடத்திய இசைக்குழுவோடும், பத்து ஆண்டு கழித்து லண்டனில் பார்பிரோலி நடத்திய இசைக்குழுவோடும் பதிந்தார். முக்கோணமா சதுரமா என்று பார்த்தாலே பிரித்துவிடலாம். அதில் வரும் தனி ஆலாபனைப் பகுதி, அதாவது கடென்சா, கிரைஸ்லர் எழுதியது என்பதை மட்டும் வைத்து வாசித்தவர் அவர்தான் என்று முடிவெடுக்காதீர்கள். அதை வேறு பலரும் வாசித்திருக்கிறார்கள்.

பக்க ஒழுங்கு. நீண்ட படைப்பு ஐந்தாறு தட்டில் வரும். சாதாரண தொகுப்பில் முதல் தட்டின் இரு பக்கமும் 1, 2. தட்டைத் தானாக மாற்றும் இயந்திரத்துக்கென்று வந்த தொகுப்பில், ஆறு தட்டென்றால் முதல் தட்டின் மறுபக்கம் 12. இதைக் கவனியாமல் ஒட்டினால் நடுவில் முடிவு வந்துவிடும்.

9. வாழ்க்கைக் கோட்டில் பொருத்துவது

இணையத்தில் கிடைத்த வாழ்க்கைக் குறிப்பை முதலில் எழுதி, அதற்குள் தட்டைச் செருகுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மறுவளமாகச் செய்யுங்கள். ஒரு நீளத் தாளில் உறுதியான ஆண்டுகளை மட்டும் குறியுங்கள்: 1899 பேர்லினில் நிக்கிஷ் நடத்திய இசைக்குழுவோடு வாசித்த கச்சேரி; 1910 லண்டனில் ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் வயலின் கொன்செட்டோவின் அரங்கேற்றம்; 1914 ஒஸ்திரிய இராணுவத்தில் சேர்ந்து காயப்பட்டது; 1917 இல் எதிரி நாட்டவர் என்று எழுந்த எதிர்ப்பால் அமெரிக்கக் கச்சேரிகளை நிறுத்தியது, 1919 இல் மீண்டும் மேடையேறியது; 1941 இல் நியூயோர்க்கில் வாகனம் மோதியது; 1947 கார்னெகி மண்டபத்தில் கடைசிக் கச்சேரி. இனி உங்கள் தட்டுகளைப் பதிந்த நாளின்படி கீழே வையுங்கள். வெளியான நாளை வைக்காதீர்கள், அது ஒன்றிரண்டு ஆண்டு பிந்தியிருக்கலாம்.

இடைவெளிகளைப் பாருங்கள். எல்கரின் கொன்செட்டோ கிரைஸ்லருக்கென்றே அர்ப்பணிக்கப்பட்டது, முதன்முதல் வாசித்ததும் அவர்தான். ஆனால் அவர் அதை ஒருபோதும் தட்டில் பதியவில்லை. 1932 இல் எல்கரே நடத்த, பதினாறு வயது வயலின் கலைஞர் மெனுஹின் வாசித்த பதிவுதான் பலர் கையில் இருப்பது. "கிரைஸ்லர் வாசித்த எல்கர்" என்று யாராவது கோப்பு அனுப்பினால் திருப்பிக் கேளுங்கள்.

10. கர்நாடக வயலின் தட்டு என்றால்

அதே பெட்டியில் எங்கள் சங்கீதத் தட்டுகளும் கிடக்கும். துவாரம் வெங்கடசுவாமி நாயுடு (1893–1964), மைசூர் சௌடையா (1895–1967), கும்பகோணம் இராஜமாணிக்கம்பிள்ளை (1898–1970) போன்றவர்களைத் தேடுபவர்களுக்கு இரண்டு படிகள் மாறும்.

தந்தி வைத்து வேகம் பார்ப்பது இதில் நடக்காது. தந்திகள் ச–ப–ச–ப என்று பாடகரின் சுருதிக்குக் கட்டப்படும், சுருதியோ ஆளுக்கு ஆள் மாறும். ஸ்ட்ரோபோஸ்கோப்பை நம்பி, அதே பாடகரின் வேறு தட்டுகளோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது பெயர். பக்கவாத்தியக்காரரை லேபிளில் போடாத தட்டு நிறைய. ஆகவே பாடகரின் பெயரில் தேடித்தான் வயலினை அடைய வேண்டும். சௌடையா நான்கு தந்திக்குப் பதிலாக ஏழு தந்தி வயலின் வாசித்தவர், அந்தக் கனத்த நாதம் காதுக்குத் துப்புக் கொடுக்கும். ஆனால் காதை மட்டும் நம்பிப் பெயர் எழுதினால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

11. தட்டைத் திருப்பிக் கொடுப்பது

தட்டு வீட்டாருடையது. புதிய கடதாசி உறையில் போட்டு, பழைய உறையையும் சேர்த்துக் கொடுங்கள். நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு வெடிக்கும். சுவரில் சாய்க்க வேண்டாம், மாரி மழையில் சுவர் நனையும், கறையானும் அந்த வழியால்தான் ஏறும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் தட்டை விட்டுவிட்டு ஏ9 வீதியில் தேத்தண்ணீர் குடிக்க இறங்காதீர்கள். திரும்பி வரும்போது தட்டு வளைந்திருக்கும்.

ஒலிக்கோப்பைப் பென்டிரைவில் போட்டு, போனில் கேட்க எம்பி3 பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு உறைக்குள்ளும் அந்தத் தட்டின் மற்றிக்ஸ் எண், பாட்டு, பதிந்த ஆண்டு எழுதிய துண்டொன்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும்.